கடலுக்கும் முறை உண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருநெல்வேலி தோட்டஞ் செய்யும் ஊர். செம்மண்ணும் கிணறும் சந்தையும் இவ்வூரின் பெயரோடு ஒட்டியவை. இத்தகைய ஊரில் நடைபெறும் விழாவிலே கடற்றொழிலைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அமைப்பைச் சிறிது நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நீங்கிவிடும். தெற்கே சென்றாற் குருநகரும் பாசையூரும், மேற்கே நாவாந்துறை, வடக்கே மயிலிட்டி, வடகிழக்கே தொண்டைமானாறு. எத்திசையிற் சைக்கிளைத் திருப்பினாலும் சற்று நேரத்தில் உப்புநீரைக் கண்டே ஆகவேண்டும். நம் சந்தைக்கு வரும் மீனும் நண்டும் இறாலும் இக்கரைகளில் இருந்து வருபவை. அவற்றைப் பிடிப்பவர் பெரும்பாலும் சிறு வள்ளத்திலோ கட்டுமரத்திலோ முழங்காலளவு நீரில் நின்றோ தொழில் செய்பவர். அவருடைய தொழில் நிலைபெறுமா, அவருடைய மக்கள் அத்தொழிலால் வாழ முடியுமா என்பது கரையோர ஊர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

நாம் நன்கறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். அது கிணறு.

குடாநாட்டிலே ஆறில்லை. மழை பெய்வது சில மாதங்களே. ஆயினும் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் நடந்துவந்திருக்கிறது. அதற்குக் காரணம் நிலத்தடி நீர் மட்டுமன்று. அந்நீரைப் பகிர்ந்த முறையுமாகும். ஒரு கிணற்றுக்கு நாலைந்து பங்காளர் இருப்பர். துலாவில் ஏறி இறைத்த காலத்திலும் சரி, நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் சரி, இன்னார் இன்ன நாள் இறைப்பது என்பது முறை. காணி உறுதிகளிலே நிலத்தின் விபரத்தோடு கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதும் வழக்கம் இருந்துவருகிறது. யாரோ ஓர் உத்தியோகத்தர் கொழும்பில் இருந்து வந்து இம்முறையை வகுத்துத் தரவில்லை. இறைப்பவரே வகுத்தனர், இறைப்பவரே காத்தனர். தன் முறை தவறி ஒருவன் பட்டைக் கொடியிற் கைவைத்தால் அடுத்த வளவுக்காரன் கண்டுவிடுவான். அயலவன் கண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1706, 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டித் தேசவழமையாக எழுதிவைத்தார். எழுத்து அப்போது வந்தது. வழக்கம் அதற்கு மிக முந்தியது.

கடலிலும் இவ்வாறு முறை உண்டா? உண்டு. ஆனால் அதைப் பலர் அறியார். கடல் பொதுச் சொத்து, யாரும் எங்கேயும் எப்படியும் பிடிக்கலாம் என்ற எண்ணமே படித்தவரிடமும் பரவியிருக்கிறது. 1968இல் காரெற் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொதுவாக விடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மந்தையைப் பெருக்கிக்கொண்டே போவான். முடிவில் எல்லோர்க்கும் நிலம் அழியும் என்பது அவர் வாதம். இதைப் படித்த அரசாங்கங்கள், பொதுவளத்தை ஒன்று அரசு கையில் எடுக்கவேண்டும், அல்லது தனியாருக்கு விற்றுவிடவேண்டும் என்ற முடிவுக்கு வந்தன. ஹார்டின் ஒன்றைக் காணத் தவறிவிட்டார். யாருக்கும் உரிமையில்லாத நிலம் வேறு, ஓர் ஊரார் கூடி உரிமை கொண்டாடும் நிலம் வேறு. ஊரார் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், பிறகு ஒரு விதி செய்வார்கள். எலினர் ஒஸ்ரொம் என்னும் அம்மையார் உலகின் பல பாகங்களில் இருந்து இத்தகைய விதிகளைத் திரட்டி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். 2009இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. அந்நூலில் இலங்கைக் கரையொன்றும் இடம்பெற்றிருக்கின்றது. அங்கே பேசப்படுவது நமக்கெல்லாம் தெரிந்த கரைவலை.

கரைவலையைக் கண்டவர் இங்கு பலர் இருப்பீர்கள். இளைஞர் சிலர் கண்டிராமல் இருக்கலாம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் நிற்போர் பிடித்திருக்க, வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கடலுள்ளே சென்று அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறு கயிற்றோடு வேறோரிடத்திற் கரை சேரும். பிறகு இரு பக்கமும் பத்திருபது பேர் நின்று இழுப்பர். மடி கரைக்கு வரப் பல மணி நேரமாகும். அதுவரை அந்தக் கரைத்துண்டில் இன்னொருவர் வலை வளைக்க முடியாது. ஆகவே முறையில்லாமற் கரைவலை இல்லை. வலை வளைக்கும் அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். பூநகரிப் பகுதியிலே வலைப்பாடு என்று ஓர் ஊரே இருக்கிறது. தொழிலின் பெயரை ஊரே தாங்கி நிற்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒஸ்ரொம் அம்மையார் எடுத்துக்காட்டிய கரை, தென்னிலங்கையில் தங்காலைக்கு அண்மையில் உள்ள மாவெல்ல. போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் அங்கே தங்கியிருந்து ஆராய்ந்தவர். அங்கு ஒவ்வொரு வலையும் எட்டுப் பங்காகப் பிரிந்திருந்தது. எல்லா வலைகளுக்கும் வரிசை உண்டு. மீன் படும் நல்ல வேளை ஒருவருக்கே போய்விடாதபடி முறை சுழன்றுகொண்டே இருக்கும். இதைவிட நேர்மையான ஏற்பாட்டைப் படித்தவர் ஒரு குழு அமைத்தாலும் வகுத்திருக்க மாட்டார். ஆயினும் அந்த ஏற்பாடு அவ்வூரைக் காக்கவில்லை. முறை எல்லோருக்கும் சமமாக இருந்தது. ஆனால் வலைகளின் தொகைக்கு வரம்பு நிற்கவில்லை. மீனுக்கு நல்ல விலை வந்தபோது, ஆளுக்கொரு புதுவலை செய்து வரிசையிற் சேர்ந்தனர். வலைகளின் தொகையை மட்டுப்படுத்தும் சட்டவிதி ஏட்டில் இருந்தது. அதைச் செயற்படுத்தவொட்டாமல் அரசியற் செல்வாக்குத் தடுத்தது. வரிசை நீண்டது. ஒரு வலைக்கு முறை வருவதே அரிதாகிவிட்டது. எல்லோரும் சமமாக வறுமைப்பட்டனர். நம் பங்குக் கிணறுகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. பாட்டனுக்கு வாரத்தில் இரண்டு நாள் முறை. பேரர் பத்துப் பேருக்கும் அதே இரண்டு நாள். எனவே பகிர்வது எப்படி என்ற விதி பாதிதான். எத்தனை பேர் பகிர்வது என்பது மற்றப் பாதி. ஊர் முறையைப் புகழ்ந்து பேசுவோர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

இரண்டாவது பாதியை ஓரளவு பார்த்துக்கொண்ட இடமும் இலங்கையிலே உண்டு. நீர்கொழும்புக் களப்பிலே கடலும் களப்பும் சேரும் வாய்க்காலில் கம்புகள் நட்டு வலை கட்டுவர். கட்டுதெல் என்று சிங்களத்திற் சொல்வர். இரவிலே நீர் வற்றி ஓடும்போது இறால் வலையில் விழும். நட்ட இடத்தைப் பொறுத்தே வருமானம். அங்கே கரையோர ஊர்களின் சங்கங்கள் அங்கத்தவர் யார் என்பதைத் தாமே தீர்மானித்து, இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுவந்தன. 1958இல் அரசாங்கம் தனி ஒழுங்குவிதி இயற்றி இந்த வழக்கத்தைச் சட்டமாக ஏற்றுக்கொண்டது. இங்கே கவனிக்கவேண்டியது, அரசு புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்பது. ஊரார் செய்திருந்த விதிக்கு முத்திரை வைத்தது, அவ்வளவே. ஆனால் அந்த முத்திரை இல்லாவிட்டால், வெளியிலிருந்து ஒருவர் வந்து நடுக்களப்பில் வலை கட்டும்போது சங்கத்தார் எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டுவர்? துருக்கி நாட்டில் அலன்யா என்ற துறைமுகத்திலும் இப்படியே சீட்டு எடுத்து, செப்டெம்பர் முதல் சனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கொரு இடம் கிழக்கு நோக்கியும், பிறகு மே மாதம் வரை மேற்கு நோக்கியும் நகர்வார்களாம். யாருடைய இடத்தையும் யாரும் களவாடுவதில்லை. களவாடினால் அன்று அந்த இடத்துக்கு உரியவன் விடமாட்டான் அல்லவா!

இனி நம் கரைக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஏறக்குறைய 400 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பெரும்பகுதி ஒரு மனிதன் நிற்கக்கூடிய ஆழமே. கடற்சாதாழையும் கண்டற் காடும் கரையோரம் உள்ளன. இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் தொட்டில் இவையே. இங்கே களங்கட்டி, சிறகுவலை, நண்டுவலை, தூண்டில் என்று தொழில் பலவகை. ஒவ்வோர் இறங்குதுறைக்கும் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சங்கங்கள் சேர்ந்து பிரதேசத்துக்கொரு சமாசம். அவற்றின் மேலே மாவட்டச் சம்மேளனம். கூட்டுறவு என்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றை 1930-களில் நிறுவியவர்கள் நம் முன்னோர். மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பிய தோட்டக்காரரும் அதே காலத்திற் சங்கம் கூட்டித் தரகரின் பிடியிலிருந்து தப்ப முயன்றனர். கடற்றொழிற் சங்கங்களும் அந்த வழியில் வந்தவையே. கடன் கொடுத்தல், மண்ணெண்ணெய் மானியம் பங்கிடுதல் மட்டும் அவற்றின் வேலையன்று. இன்ன துறையில் இன்ன வலை கூடாது, இன்ன இடத்திற் களங்கட்டி நடக்கூடாது, வள்ளப் பாதையை மறிக்கக்கூடாது என்ற தீர்மானங்கள் சங்கக் கூட்டத்திலேதான் எடுக்கப்படுகின்றன. ஒருவன் வலையை இன்னொருவன் அறுத்தால் விசாரணையும் அங்கேதான். பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போவது அதற்குப் பிறகு.

1967இல் காரைநகரிலே சீநோர் நிறுவனம் தோன்றியதையும் இங்கு சொல்லவேண்டும். நோர்வே நாட்டு மதுவிலக்கு இளைஞர் இயக்கத்தின் துணையோடு எழுந்தது அது. ஓர் இளைஞர் சங்கம், கடலுக்கு அப்பால் உள்ள இன்னொரு நாட்டுக் கடற்றொழிலாளருக்கு வள்ளங் கட்டும் தொழிலை வளர்க்க முன்வந்தது என்றால், அது நம் இளைஞர்கள் அறியத்தக்கது.

போர்க்காலத்திலே இக்கரைகள் பட்ட பாடு பெரியோர் யாவரும் அறிந்தது. கடலுக்குப் போகத் தடை, போனாலும் நேரக் கட்டுப்பாடு, இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு, பாஸ். மயிலிட்டி மக்கள் 1990இல் ஊரைவிட்டு வெளியேறினர். துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2017 யூலையிலேதான் அது விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. கடலில் வலைக்குரிய இடத்தைத் தகப்பன் மகனுக்குக் காட்டிக் கொடுப்பது கரையில் இருக்கும் பனையையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்து. அகதி முகாமில் இருந்துகொண்டு அதைக் காட்ட முடியாது. ஊர் முறை மனிதருடைய நினைவிலே வாழ்வது. மனிதர் சிதறும்போது முறையும் சிதறும். அந்த இடைவெளியில் வந்து புகுந்தவைதான் சுருக்குவலை, வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தல், வெடி முதலிய தீய முறைகள். கரைவலையை ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தால் இழுக்கும் புதுவழக்கமும் வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் பெரும் பிணக்காகிவிட்டது. சம்மாட்டிமார் கூலிக்கு ஆள் இல்லை என்கிறார்கள். இழுக்க வந்து பங்கு பெற்றவர்கள் தங்கள் சோறு போய்விட்டது என்கிறார்கள். இரண்டும் மெய். நம் எண்ணம், கயிற்றிற் கைவைக்க வந்தவனுக்கும் ஒரு பிடி மீன் கிடைத்த பழைய ஏற்பாடு கரையோர ஏழைகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. அதை நீக்குவோர் அதற்கு ஈடு சொல்லவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு இழுவைமடி. றோலர் என்று சொல்கிறோம். வலையின் வாயிற் பலகையும் அடியிற் சங்கிலியும் கட்டிக் கடலின் தரையை வாரிக்கொண்டு போகும் முறை அது. பாக்குநீரிணை ஆழமற்ற கடல். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள். அத்தகைய கடலில் அடிவாரும் வலை ஓடினால், அது தோட்டத்தை உழுவது போலன்று. நாற்றுமேடையை உழுவது போல. தமிழ்நாட்டுக் கரையில் இருந்து வரும் றோலர்கள் போர் முடிந்த பின் நம் கரைக்கு மிக அண்மையில் வந்து வாரத்தில் மூன்று நாள் அடிவாரின. திங்கள், புதன், சனி என்று நாள் கூடக் கரையார் சொல்வர். அந்த இரவுகளில் நம் சிறு தொழிலாளர் வலை இடாது வீட்டில் இருந்தனர். இட்டவர் விடியும்போது கிழிந்த நூலைக் கண்டனர். ஒரு தொகுதி வலை அறுந்தால் ஒரு குடும்பம் பல மாதம் கடனாளி.

அந்த மூன்று நாளின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. இராமேசுவரம் பக்கத்தில் நாட்டுப்படகுக்காரருக்கும் இழுவைப்படகுக்காரருக்கும் மோதல் முற்றியபோது, இழுவைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அங்குள்ள ஏழையைக் காக்கச் செய்த அந்த முறை, கோட்டுக்கு இப்பால் உள்ள ஏழைக்கு மூன்று இரவு நரகமாயிற்று. விதி செய்யும் இடத்தில் எல்லாத் தரப்பாரும் இருக்கவில்லை என்பதே காரணம். 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலில் எல்லைக்கோடு போட்டன. கோட்டுக்கு இருமருங்கும் உள்ள கடற்றொழிலாளர் அதை வகுக்கவில்லை. 2010 ஆகஸ்டிலே இரு கரைக் கடற்றொழிலாளர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டிற் சந்தித்துப் பேசினர். ஓராண்டுள் இழுவைமடியை நிறுத்துவது என்ற உடன்பாட்டுக்கு அவர்கள் வந்தனர். தொழிலாளரே தொழிலாளரோடு பேசிச் செய்த முடிவு அது. அரசுகள் அதை ஏற்று நிறைவேற்றி வைக்கவில்லை. 2017இல் இந்தியா, 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் தொடங்கியது. அதில் நிறைவேறியது சிறுபகுதியே. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் அடிவாரும் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. நம் பக்கத்திலும் குருநகர் முதலிய இடங்களில் இழுவைமடித் தொழில் செய்தோர் இருந்தனர். அவர்களையும் அது கட்டுப்படுத்தியது. அடுத்தவனைக் குறை சொல்லுமுன் தன் வீட்டைக் கட்டுப்படுத்திய சட்டம் என்பதனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. இராமேசுவரத்து றோலரில் வேலை செய்யும் கூலிக்காரன் பணக்காரனல்லன் என்பதையும் மறத்தலாகாது. அவனும் தமிழன், அவனும் கடனாளி. படகு முதலாளி கரையில் இருக்கிறான்.

ஆக, ஊர்ச் சங்கம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் தன் கையால் தடுக்க முடியாத சில உண்டு. அதற்கே அரசு. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் ஒரு பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசம் எனப் பிரகடனஞ் செய்யலாம். அங்குள்ள பதிவுபெற்ற தொழிலாளர் குழு அமைக்கலாம். அக்குழுவின் கருத்தோடு விதிகள் செய்யலாம். நீர்கொழும்பு அந்த வழியில் நடந்த ஒன்று. இச்சட்டத்தை நம் கரையோரச் சங்கங்கள் எழுத்தெண்ணிப் படிக்கவேண்டும். உலக உணவு விவசாய நிறுவனம் 2014இல் சிறுதொழில் மீனவருக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன: கடலை ஆளும் முடிவுகளில் அக்கடலில் வாழ்வோர்க்கு இடம் வேண்டும் என்பது.

நன்மையாக நடக்கும் ஒன்றைச் சொல்வோம். அது நண்டு. யாழ்ப்பாணத்து நீல நண்டு அமெரிக்கா வரை போகிறது. வாங்குவோர் அங்கே, இந்நண்டு அழியாத முறையிற் பிடிக்கப்பட்டதா என்று கேட்கத் தொடங்கினர். 2013 முதல் ஏற்றுமதியாளர் சங்கத்தாரும் வடக்கின் கடற்றொழிற் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து சில ஒழுங்குகளை ஏற்படுத்த முயன்றுவருகின்றனர். சினை நண்டைக் கடலுக்கே விடுதல், சிறு நண்டு தப்பும்படி வலைக்கண்ணை அமைத்தல், இறங்குதுறையிலே நண்டை அளந்து கணக்கெழுதுதல் என்பன அவை. ஒரு சினை நண்டின் வயிற்றிலே இலட்சக்கணக்கான முட்டைகள். அதை விட்டால் இன்று சில நூறு ரூபா போகும். விடுபவனுக்கு, அடுத்த வள்ளத்துக்காரனும் விடுவான் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைச் சட்டப் புத்தகம் தராது. ஒரே துறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கமே தரும்.

சினை நண்டை விடுவது பற்றிச் சொல்லும்போது அதிபத்த நாயனார் நினைவு வருகின்றது. நாகபட்டினத்து நுளைபாடியிற் பரதவர் குலத்திலே தோன்றி, நாள்தோறும் வலையில் முதலில் அகப்படும் மீனைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் விட்டார். பொன்மீன் வந்த அன்றும் விட்டார். நாயனார் மீன்வளப் பாதுகாப்பு ஆய்வு செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அடியாரின் பத்தியை அப்படிச் சுருக்குவது பிழை. ஆனால் அறுபத்துமூவரில் ஒருவராகக் கடற்றொழிலாளரை வைத்துக் கும்பிடும் நாம், கடற்றொழிலாளரின் வீட்டு வாசலில் எத்தனை முறை சென்று இருந்திருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ளலாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே முருகனுக்கு வாய்கட்டிப் பூசை செய்பவர், மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழிலாளரின் வழியினர். அங்கே போய் ஆற்றங்கரையில் அன்னதானம் உண்ணும்போது இல்லாத சாதி, கூட்டம் கூடிப் பேசும்போது மட்டும் எங்கிருந்து வருகின்றது? கரையிலே கத்தோலிக்கரும் சைவரும் ஒரே வள்ளத்திற் போகின்றனர். காற்று அவர்களைப் பிரித்தறிவதில்லை.

ஊர் முறைக்கும் குறை உண்டு என்று முன்னே சொன்னோம். நீர்கொழும்பிலே உரிமை குறிப்பிட்ட ஊர்களின் குடும்பத்து ஆண்மக்களுக்கே. தமிழ்நாட்டிற் பழவேற்காட்டு ஏரியிலும் பாடு முறை உண்டு. அங்கும் பாடு கிடைத்த ஊரார்க்கும் கிடைக்காதவர்க்கும் நெடுநாட் சண்டை. சோழமண்டலக் கரையிலே ஊர்ப் பஞ்சாயத்து வலிமை மிக்கது. கூடாத வலையைத் தடைசெய்யும், குற்றம் விதிக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் பங்கிட்டதும் பல இடங்களில் அதுவே. ஆயினும் அதிற் பெண்களுக்கு இடமில்லை. நம் கரையில் மீன் விற்பவள், கருவாடு போடுபவள், இறால் பொறுக்குபவள், நண்டு உடைப்பவள் யார்? போரிலே கணவனை இழந்து குடும்பம் தாங்குபவள் யார்? சங்கப் பதிவேட்டிலே அவள் பெயர் இருக்கவேண்டும். வள்ளம் இல்லாத கூலிக்காரன் பெயரும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஊர் முறை என்பது வள்ளம் உள்ளவர் முறை ஆகிவிடும்.

இப்போது கடல்நீரேரியிலே கடலட்டைப் பண்ணைகள் வந்திருக்கின்றன. அட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. வேலை கிடைக்கிறது என்பது மெய்; பண்ணை வைத்தோரில் நம் ஊர்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் பண்ணை என்பது வேலி. இறால் வரும் வழியிலும் வள்ளம் போகும் வழியிலும் வேலி அடைத்தால், பொதுவாக இருந்த நீர் சிலருடைய வளவாகிவிடும். 2021இல் கௌதாரிமுனையில் எழுந்த எதிர்ப்பும் இதைப்பற்றியதே. நாம் பண்ணையை வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த இடம், எத்தனை ஏக்கர், யாருக்கு என்பதை அந்தத் துறையின் சங்கம் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்த பின்னரே அனுமதி கொடுக்கவேண்டும் என்கிறோம். தோட்டத்தின் நடுவே வேலி வந்தால் திருநெல்வேலியார் விட்டுவிடுவார்களா?

தோட்டத்துக்கும் கடலுக்கும் நேரான தொடர்பும் உண்டு. 1950-களிலே தொண்டைமானாற்றில் உப்புநீரைத் தடுக்க அணை கட்டினர். நன்னீர் தேங்கினால் வடமராட்சி, வலிகாமம் கிணறுகள் நன்மை பெறும் என்பது நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் கதவு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதிலே தோட்டக்காரனுக்கு ஒரு விருப்பம், களப்பில் இறால் பிடிப்பவனுக்கு வேறொரு விருப்பம். இருவரும் ஒரு பாயிலிருந்து பேசவேண்டிய காரியம் இது. அதுபோலவே, நம் செம்மண்ணில் இடும் யூரியா சுண்ணாம்புக் கற்பாறையூடே இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகக் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இக்குடாநாட்டு நிலத்தடி நீர் கடைசியிற் போய்ச் சேருமிடம் கடலும் கடல்நீரேரியுமே. நமது கிணறும் அவர்களது பாடும் ஒரே நீரின் இரண்டு முனைகள்.

நம் சங்கம் செய்யக்கூடியது என்ன? பெரிய பேச்சு வேண்டாம். நம் ஊரிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. மீன்பிடியியல் படிக்கும் மாணவரும் இருக்கின்றனர். கணக்கு எழுதத் தெரிந்த இளைஞர் நம்மிடம் நிறைய உண்டு. கரையோரச் சங்கங்கள் பலவற்றுக்குக் கணக்கும் அறிக்கையும் எழுத ஆள் இல்லை. எந்த மாதம் எத்தனை கிலோ நண்டு, எத்தனை வலை அறுந்தது, எந்த நாள் எந்த இடத்தில் றோலர் கண்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தாற் போதும்; திணைக்களத்திடமும் நீதிமன்றத்திடமும் அது பேசும். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு இளைஞர் குருநகருக்கோ பாசையூருக்கோ சென்று, அங்குள்ள சங்கத்தார் விரும்பினால், அந்தக் கொப்பியை எழுத உதவலாம். கோவில் முடிந்து வருவோர் கூடும் நேரம் எது என்று முதலிற் கேட்டறிந்துகொள்ளவேண்டும். அவர்கள் அழைத்தாற் போகவேண்டும். அழையாமற் போய்ப் புத்தி சொல்லக்கூடாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைச் சங்க வாசிகசாலைக்கு வாங்கிவைப்பதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதற் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர் இன்று கூட்டம் முடிந்ததும் அவரிடம் பதிந்துகொள்க.